வெண்கோலுக்குத் துணையாக ஒரு கருவி: அணியும் வழிகாட்டிக் கருவிகளைத் தேர்ந்தெடுத்துப் பழகும் முறை

பார்வையற்றவர்கள் தனியாக நடமாட உதவும் கருவிகளை இப்போது தலை முதல் கால் வரை எங்கு வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். நெற்றிப் பட்டை, மூக்குக் கண்ணாடி, தோளில் போடும் கேமரா, கைப்பட்டை, இடுப்பு பெல்ட், ஷூவில் பொருத்தும் அதிர்வுக் கருவி என்று வரிசை நீளம். விளம்பரத்தைக் கேட்டால் ஒவ்வொன்றும் எல்லாம் செய்யும். பழகிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வேலையைத்தான் உருப்படியாகச் செய்யும். அது நமக்கு வேண்டிய வேலைதானா என்று பார்க்காமல் வாங்கிய கருவி, கொஞ்ச நாளில் அலமாரிக்குப் போய்விடும்.

வாங்க நினைப்பவர்களுக்கும், வீட்டில் ஒருவருக்காகத் தேடுபவர்களுக்கும் இது. வீட்டாருக்கு ஒரு வார்த்தை: கருவியை மாட்டிக்கொண்டு நடக்கப்போகிறவர் நீங்கள் இல்லை. முடிவை அவரிடம் விடுங்கள்.

படி 1: எங்கே சிக்குகிறீர்கள் என்று குறித்து வையுங்கள்

ஒரு வாரம் வழக்கம்போல நடமாடுங்கள். தடுமாறும் ஒவ்வொரு முறையும் போனில் ஒரு குரல் குறிப்பு போட்டுவிடுங்கள். வார முடிவில் கேட்டுப் பார்த்தால் அவை நாலு வகையில் ஒன்றில் விழும்.

முதலாவது மோதல்: தாழ்ந்த கிளை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, லாரியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கு. இரண்டாவது திசை: திறந்தவெளியைக் கடக்கும்போது நேராகப் போகாமல் ஒரு பக்கம் சாய்ந்து போய்விடுவது, திரும்பிய பிறகு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று தெரியாமல் போவது. மூன்றாவது இடம்: எந்தத் தெரு, எந்த நிறுத்தம், இன்னும் எவ்வளவு தூரம். நான்காவது அடையாளம்: இது என்ன பலகை, வந்து நிற்பது எந்த வண்டி, கதவு எங்கே.

மோதலுக்கு மீயொலிக் கருவியோ (நம் காதுக்குக் கேட்காத ஒலியால் தூரம் அளப்பது), எதிரே இருப்பது எவ்வளவு தொலைவில் என்று 'ஆழம்' அளக்கும் கேமராவோ வேண்டும். திசைக்கு அதிர்வு பெல்ட் மாதிரியான ஒன்று. இடத்துக்கு ஜிபிஎஸ் செயலியும் காதை மூடாத ஹெட்போனும் போதும், பல பேருக்குத் தனிக் கருவியே தேவைப்படாது. அடையாளத்துக்குக் கேமரா வைத்த கண்ணாடி. உங்கள் குறிப்புகளில் எது அதிகமோ அதற்குத்தான் வாங்க வேண்டும். நாலையும் சேர்த்துச் செய்வதாகச் சொல்லும் கருவியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

படி 2: கோல் பிடிப்பது சரியாக இருக்கிறதா?

இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்படும் நீண்ட கோல் முறையை 1940களில் அமெரிக்காவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக வந்த முறை அது. இடது கால் முன்னே போகும்போது கோல் நுனி வலப்பக்கம் தொடும், வலது கால் போகும்போது இடப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடுகிறது.

இதைப் பழைய கதையாகச் சொல்லவில்லை. பள்ளம், படி, மூடாத சாக்கடை, தரை மாறுவது ஆகியவற்றைக் கோல் அளவுக்கு நம்பகமாகச் சொல்லும் மின்னணுக் கருவி சாதாரணப் பயன்பாட்டில் இன்னும் இல்லை. முன்னோக்கிப் பார்க்கும் மீயொலிக் கருவிக்குப் பள்ளம் என்பது வெறும் காலி இடம். அதிலிருந்து எதிரொலி வராது, அதனால் கருவி 'வழி இருக்கிறது' என்றே இருந்துவிடும்.

கோலுக்கு எட்டாதது இடுப்புக்கு மேலே உள்ளதுதான். 2011இல் ரொபெர்டோ மந்துச்சி, ஸ்ரீ குர்னியவன் என்ற இரு ஆய்வாளர்கள் 300க்கும் மேற்பட்ட பார்வையற்றவர்களிடம் கேட்டு நடத்திய ஆய்வு, தலையில் இடித்துக்கொள்வதையும் தடுக்கி விழுவதையும்தான் தனியாக எடுத்துப் பார்த்தது. அணியும் கருவிக்கு உண்மையான வேலை இருப்பது அந்த உயரத்தில்.

கோல் வீச்சு ஒரு பக்கம் குறுகிப்போயிருந்தால், அல்லது கையை இடுப்புக்கு நேராக, உடம்பின் நடுவில் வைக்காமல் பக்கவாட்டில் பிடிக்கும் பழக்கம் இருந்தால், மொபிலிட்டி பயிற்சியாளர் (பார்வையற்றவர்களுக்குத் தனியாக நடமாடச் சொல்லிக்கொடுப்பவர்) ஒருவரிடம் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். வழிகாட்டி நாயோடு நடப்பவர்கள் கருவியை நாய் பழகியபின்தான் வெளியே எடுத்துப் போக வேண்டும். பீப் சத்தம் சில நாய்களின் கவனத்தைக் கலைக்கும்.

படி 3: கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

வாங்குவதற்கு முன் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். கருவியின் திறமையைவிட அதன் குருட்டுப் புள்ளிகளைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

மீயொலிக் கருவி, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பிவர எவ்வளவு நேரமானது என்று அளக்கிறது. பல கருவிகளில் இது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். இரண்டு மீட்டர் தொலைவில் உள்ள கம்பத்திலிருந்து எதிரொலி சுமார் 12 மில்லி வினாடியில் வந்துவிடும். இருட்டிலும் வேலை செய்யும், மின்சாரமும் அதிகம் தின்னாது. குறை என்னவென்றால், ஒலி கூம்பாக விரியும். 30 டிகிரி விரியும் கூம்பு நாலு மீட்டர் தள்ளிப் போகும்போது இரண்டு மீட்டருக்கும் மேல் அகலமாகிவிடும். குறுகிய நடைபாதையில் நடந்தால் இரண்டு பக்கச் சுவரும் அதற்குள் அகப்பட்டு, கருவி நிற்காமல் அதிரும். தொங்கும் துணி, திரைச்சீலை, கம்பளிச் சட்டை போட்ட ஆள் ஒலியை விழுங்கிவிடுவதால் தாமதமாகத்தான் தெரியவரும். சாய்வாக நிற்கும் வழவழப்பான கண்ணாடி, ஒலியை வேறு பக்கம் திருப்பி அனுப்பிவிடும்.

ஆழம் அளக்கும் கேமராவுக்கு வேறு வகைச் சிக்கல். அகச்சிவப்பு ஒளி வடிவத்தை வீசி அளப்பவை உச்சி வெயிலில் திணறும். இரண்டு லென்ஸ் வைத்து, நம் இரண்டு கண்களைப் போல ஒப்பிட்டு அளப்பவைக்கு, கோடோ கறையோ இல்லாத வெள்ளைச் சுவர் புரியாது. லேசர் வகை, சுத்தமான கண்ணாடிக் கதவை ஊடுருவிப் போய் பின்னால் உள்ளதை அளந்துவிடும். ஐபோன் 12 ப்ரோவிலிருந்து ப்ரோ மாடல்களில் வரும் லைடார் சென்சார் இந்த வகைதான். அதன் எட்டும் தூரம் சுமார் ஐந்து மீட்டர். அதை வைத்து மனிதர்களையும் கதவுகளையும் கண்டுபிடித்துச் சொல்லும் வசதி ஐபோனின் உருப்பெருக்கி (மேக்னிஃபையர்) செயலிக்குள் இருக்கிறது.

படத்தை எடுத்து விவரிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கண்ணாடிகள் பலகை படிக்கவும், கதவைத் தேடவும் அருமை. மோதலைத் தடுக்க அவை ஆகாது. சாதாரண வேகத்தில் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்போம். பதில் வர மூன்று வினாடி ஆனால் அதற்குள் 3.6 மீட்டர் கடந்திருப்போம். போதாக்குறைக்கு அது சில நேரம் இல்லாததை இருப்பதாக, அதே உறுதியான குரலில் சொல்லும்.

ஜிபிஎஸ்ஸைப் பற்றித்தான் அதிகமான தவறான நம்பிக்கை. திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போனின் துல்லியம் சுமார் 4.9 மீட்டர் ஆரத்துக்குள் என்பது அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே தரும் கணக்கு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டு எதிரொலித்து வருவதால் பிழை இன்னும் கூடும். ஆக, நீங்கள் சாலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஜிபிஎஸ்ஸால் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொன்று: அசையாமல் நிற்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியவே தெரியாது. அதைத் திசைகாட்டி சென்சார்தான் சொல்கிறது. காந்தம் வைத்த போன் கவர், இரும்புக் கம்பித் தடுப்பு, பக்கத்தில் நிற்கும் வண்டி, இதில் ஏதாவது ஒன்று போதும் அதைக் குழப்ப.

இந்தத் துறை நேற்று முளைத்ததும் இல்லை. ஜாக் லூமிஸ், ரெஜினால்ட் கோலெட்ஜ், ராபெர்ட்டா கிளாட்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஜிபிஎஸ்ஸை வைத்துப் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் யோசனையை 1980களிலேயே முன்வைத்தார்கள். கோலெட்ஜே பார்வை இழந்த புவியியலாளர். அவர்கள் சோதித்த கருவி முதுகில் சுமக்கும் பை அளவு இருந்தது. இன்று அது சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. போய்ச்சேரும் இடத்தை நெருங்கியபின் கடைசிச் சில மீட்டர்களைத் துல்லியமாகக் காட்ட முடியாத பிரச்சினை மட்டும் அப்படியே நிற்கிறது.

படி 4: உடம்பில் எங்கே, எந்த மொழியில்

கருவி உங்களோடு பேசுவது இரண்டு வழியில்: காது, தோல். காதுதான் உங்களுக்குச் சாலையைக் காட்டுவது. அதை அடைக்கும் எதையும் வாங்காதீர்கள். கன்னத்து எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்போன் காதுத் துவாரத்தைத் திறந்தே விடுகிறது. ஆனாலும் சத்தத்தைக் கூட்டினால் சாலைச் சத்தம் அமுங்கத்தான் செய்யும். இரண்டு காதும் ஒரே மாதிரி கேட்காதவர்களுக்கு, 'இடப்பக்கமிருந்து வரும் ஒலி' என்று திசை காட்டும் செயலிகள் தப்பான பக்கத்தைக் காட்டிவிடும். உள்காது நரம்பில் குறை இருந்தால் எலும்பு வழி ஹெட்போனால் பெரிய லாபமும் இல்லை. அவர்களுக்கு புளூடூத் உள்ள காது கேட்கும் கருவியே அறிவிப்பு கேட்க வசதி.

தோலுக்குப் பேசும் கருவிகளில் எனக்குப் பிடித்த யோசனை இடுப்பு பெல்ட். ஜெர்மனியின் ஃபீல்ஸ்பேஸ் பெல்ட்டில் இடுப்பைச் சுற்றி 16 அதிர்வுப் புள்ளிகள். போக வேண்டிய பக்கம் எதுவோ அந்தப் புள்ளி மட்டும் லேசாக அதிரும். உடம்பைத் திருப்பினால் அதிர்வும் இடுப்பைச் சுற்றி நகரும். அது வயிற்றுக்கு நேர் முன்னால் வரும்வரை திரும்பினால் போதும், ஒரு வார்த்தை பேச்சு இல்லாமல் திசை கிடைத்துவிடுகிறது. ஜப்பானின் அஷிராசே, போனிலிருந்து வரும் வழியை ஷூவில் பொருத்திய கருவியின் அதிர்வாகச் சொல்கிறது. ருமேனியாவின் லூமென் கண்ணாடி நெற்றியில் தட்டி வழிநடத்தப் பார்க்கிறது. சுவிட்சர்லாந்தின் பைபெட் கருவி தோளில் கேமராவை வைத்துக்கொண்டு, தடை இருக்கும் பக்கத்திலிருந்து ஒலி வருவதுபோல எச்சரிக்கிறது. ஆப்பிள் வாட்ச் வைத்திருப்பவர்கள் தனியாக எதுவும் வாங்காமலே, வரைபட செயலி இடது திருப்பத்துக்கு ஒரு மாதிரியும் வலது திருப்பத்துக்கு வேறு மாதிரியும் மணிக்கட்டில் தட்டுவதைப் பழகிப் பார்க்கலாம்.

சர்க்கரை நோயால் பார்வை இழந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்வும் குறைந்திருக்கலாம். ஷூ அதிர்வு அவர்களுக்குத் தெரியாமலே போகலாம். விரல் நுனி மரத்திருந்தால் கோல் பிடியில் அதிரும் கருவிக்கும் இதே கதைதான். வாங்கும் முன் நண்பர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போது எதிர்பாராத நேரத்தில் அதிர்வை இயக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போது தெளிவாகத் தெரியும் அதிர்வு, நடையில் பாதி காணாமல் போகும்.

படி 5: வாங்கும் முன் இப்படிச் சோதியுங்கள்

கடைக்காரரோ விற்பனைப் பிரதிநிதியோ செய்து காட்டும்போது எல்லாக் கருவியும் பாஸாகிவிடும். அவர்கள் காட்டுவது நல்ல வெளிச்சத்தில், அகலமான சுவருக்கு எதிரே. நீங்கள் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வேறு மாதிரி செய்யுங்கள்.

நீளமான அறை அல்லது தாழ்வாரம் ஒன்றில், கயிறு கட்டி உங்கள் நெற்றி உயரத்துக்கு ஒரு அட்டையைத் தொங்க விடச் சொல்லுங்கள். எங்கே என்று உங்களிடம் சொல்லக் கூடாது. கோலோடு உங்கள் வழக்கமான வேகத்தில் நடங்கள். கருவி எச்சரித்ததும் அப்படியே நின்று, கையை நீட்டிப் பாருங்கள். நின்ற பிறகும் ஓர் அடியாவது இடைவெளி இருக்க வேண்டும். அப்புறம் அட்டையை எடுத்துவிட்டு மெல்லிய துணியைத் தொங்க விடுங்கள். அதன்பின் அட்டையையே 45 டிகிரி சாய்த்துக் கட்டுங்கள். அடுத்து கதவைப் பாதி திறந்து, அதன் விளிம்பு உங்கள் முகத்துக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். கதவின் தட்டையான பக்கத்தைச் சுலபமாகக் கண்டுபிடிக்கும் கருவி, விளிம்பில் கோட்டை விடுவதுண்டு. கடைசியாக ஒன்றுமே தொங்க விடாமல் நடங்கள். சும்மாவே எத்தனை முறை எச்சரிக்கிறது என்று துணைக்கு வந்தவர் எண்ணட்டும்.

இந்தக் கடைசிச் சோதனையைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். அடிக்கடி பொய் எச்சரிக்கை தரும் கருவியை மூளை கொஞ்ச நாளில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பிறகு உண்மையான எச்சரிக்கைக்கும் அதே கதிதான்.

இதே சோதனையை வெயிலில் ஒருமுறை, மாலை இருட்டில் ஒருமுறை செய்யுங்கள். தலையில் துண்டோ தொப்பியோ போடுபவர், துப்பட்டா அணிபவர், தோளில் பை மாட்டுபவர் அதையெல்லாம் போட்டுக்கொண்டே செய்து பாருங்கள். மார்பில் தொங்கும் சென்சாரை மறைக்க ஒரு துணி மடிப்பு போதும்.

படி 6: பேச்சைக் குறையுங்கள்

பெட்டியிலிருந்து எடுத்த கருவி எல்லாவற்றையும் பேசும்படிதான் அமைக்கப்பட்டிருக்கும். முதல் வேலையாகப் பெரும்பாலான அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். தடை எச்சரிக்கும் தூரத்தை வெளியே மூன்று மீட்டர் அளவுக்கும், கட்டடத்துக்குள் ஒன்றரை மீட்டர் அளவுக்கும் வைத்துத் தொடங்கலாம். மூன்று மீட்டர் என்றால் உங்கள் நடை வேகத்தில் இரண்டரை வினாடி. முடிவெடுக்க அது தாராளம். போனில் வாட்ஸ்அப், அழைப்பு அறிவிப்புகள் வழியறிவிப்பின் நடுவே புகாதபடி தொந்தரவு செய்யாத நிலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் செயலியில் நீங்கள் அடிக்கடி போகும் இடங்களின் வாசலுக்கே போய் நின்று புள்ளி பதிந்துவையுங்கள். வரைபடத்தில் உள்ள புள்ளி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் இருக்கும். வாசல் பின்பக்கத் தெருவில் இருந்தால் செயலி உங்களைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும்.

படி 7: பழகும் வரிசை

முதலில் வீட்டுக்குள், பிறகு மனப்பாடமாகத் தெரிந்த வழியில், அதன்பின் துணையோடு புதிய வழியில், கடைசியாகத் தனியாக. வரிசையை மாற்றாதீர்கள்.

தெரிந்த வழியில் பழகுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே எந்தக் கம்பம் எங்கே என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கருவி சொல்வதை நீங்கள் சரிபார்க்க முடியும், கருவியின் பாஷையும் பிடிபடும். புது இடத்தில் கருவியும் புதிது, வழியும் புதிது என்றால் எது தப்பு என்று பிரித்தறிய வழியில்லை. ஆரம்பத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கோல், காது, அதிர்வு மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிப்பது களைப்பூட்டும் வேலை. களைத்த மூளை முதலில் கைவிடுவது சாலைச் சத்தத்தைத்தான்.

துணையோடு போகும்போது துணைக்கு ஒரு கட்டளை: ஆபத்து வந்தால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது.

படி 8: சாலையைக் கடக்கும்போது

கடக்கும் முடிவைக் கருவியிடம் கொடுக்காதீர்கள். வண்டி நிற்கிறதா, வருகிறதா, திரும்பப் போகிறதா என்பதைக் காதும் அனுபவமும்தான் தீர்மானிக்க வேண்டும். மின்சார வண்டிகள் மெதுவாக வரும்போது அதிகம் சத்தம் இல்லாததால் காதின் சுமை இப்போது இன்னும் கூடியிருக்கிறது. விளிம்பில் நிற்கும்போது குரல் அறிவிப்பை நிறுத்திவிடுங்கள். வீடியோ வழியாகத் தன்னார்வலர் உதவும் பி மை ஐஸ் போன்ற செயலிகளைக் கடந்து முடித்தபின், ஓரமாக நின்று பயன்படுத்துங்கள்.

பெல்ட் மாதிரித் திசை காட்டும் கருவிக்கு மட்டும் இங்கே ஒரு நல்ல பயன் உண்டு. கடக்கத் தொடங்குமுன் நேராக நின்று திசையைப் பதிந்துகொண்டால், நடுவழியில் ஒருபக்கமாகச் சாய்ந்து போவது அதிர்வின் நகர்விலேயே தெரிந்துவிடும். அப்போதும் கோல் முன்னால் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார்.

படி 9: மழை, சார்ஜ், கைவிடப்பட்ட செயலி

கருவி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதற்குக் குறியீடு உண்டு. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வரை தாங்கும். மழையில் நடப்பவர் இரண்டாவதைத் தேடுவது நல்லது. கேமரா லென்ஸில் ஒரு துளி நீர் இருந்தாலே பார்வை மங்கும், அது மங்கியிருப்பது உங்களுக்குத் தெரியாது. கிளம்பும்முன் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை, நிறுவனம் கைகழுவிவிடுவது. மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் என்ற முப்பரிமாண ஒலி வழிகாட்டிச் செயலியை 2023இல் நிறுத்தியது. நல்லவேளையாக மூல நிரலை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டதால் வாய்ஸ்விஸ்டா போன்றவை அந்த யோசனையைத் தொடர்கின்றன. என்விஷன் நிறுவனம், பார்ப்பதை விவரிக்கும் தன் கண்ணாடியைக் கூகுள் கிளாஸ் என்ற கூகுளின் கேமராக் கண்ணாடியின் மேல்தான் கட்டியிருந்தது. கூகுள் கிளாஸ் விற்பனையைக் கூகுள் 2023இல் நிறுத்திவிட்டது. ஆகவே வாங்கும்போது இவற்றைக் கேளுங்கள்: இணையம் இல்லாமல் எந்தெந்த வசதி வேலை செய்யும்? மாதச் சந்தா நின்றால் கருவி என்ன ஆகும்? பேட்டரியை மாற்ற முடியுமா? அமைப்புத் திரைகள், திரையைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர் இரண்டிலும் முழுக்கப் படிக்க வருகின்றனவா? கடைசிக் கேள்விக்கு 'ஒருமுறை யாராவது செட் பண்ணிக் கொடுத்தால் போதும்' என்று பதில் வந்தால், அந்தக் கருவியை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

நடுவழியில் கருவி செத்துப்போனால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகை பாருங்கள். தெரிந்த வழியில் பாதி தூரம் போனதும் நீங்களே அதை அணையுங்கள். நின்று, வண்டிச் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டு, கோலால் விளிம்பைத் தேடிப் பிடித்து, மீதி தூரத்தை நடந்து முடியுங்கள். அப்படி முடிக்க முடியாத வழியில் கருவியை மட்டும் நம்பித் தனியாகப் போக வேண்டாம். துணையோடு இன்னும் சில முறை அதே வழியில் நடந்து பழகிக்கொண்டு, பிறகு தனியாகப் போகலாம்.